மஞ்சள் பிரேக்கா, சிவப்பு பிரேக்கா?

பிரேக் கம்பெனியில் வேலை பார்ப்பவனுக்கு ஊரில் ஒரு தொல்லை உண்டு. டாக்டரைப் பார்த்தால் வயிற்று வலியைச் சொல்வார்கள். வக்கீலைப் பார்த்தால் வாய்க்கால் தகராறைச் சொல்வார்கள். என்னைப் பார்த்தால் மீஞ்சூரில் எல்லோரும் பிரேக்கைப் பற்றித்தான் கேட்பார்கள். "சார், என் வண்டி பிரேக் கிறீச் கிறீச்சுங்குது, என்னவா இருக்கும்?"

நான் இருப்பது கணக்குப் பிரிவு. இருபது வருடத்தில் கையில் ஸ்பானர் எடுத்தது கிடையாது. எடுத்ததெல்லாம் வவுச்சர்தான். ஆனால் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. தன்னடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்!

தினமும் காலையில் கும்மிடிப்பூண்டி லோக்கல். பேசின் பிரிட்ஜில் இறங்கி அரக்கோணம் லைன் மாறி அம்பத்தூர். இந்தப் பக்கத்தையே பிரேக் ஊர் என்று சொல்லலாம். பாடியில் 1962-ல் பிரேக்ஸ் இந்தியா வந்தது. அம்பத்தூரில் 1964-ல் ரானே பிரேக் லைனிங். மறுபடியும் பாடியில் 1974-ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ். இந்தப் பெரிய மீன்களுக்கு நடுவே நீந்தும் ஒரு சின்ன மீன் எங்கள் கம்பெனி. நின்றுபோகிற வண்டியெல்லாம் எங்களைச் சேர்ந்தது, ஓடுகிற வண்டி மற்றவர்களைச் சேர்ந்தது என்று எங்கள் மானேஜர் அடிக்கடி சொல்லுவார். சம்பள உயர்வு கேட்கும்போது மட்டும் இந்தத் தத்துவத்தைச் சொல்ல மாட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு ஒரு பள்ளிக்கூட சிநேகிதன். ஒரே பெஞ்ச். நான் பி.காம். படித்து வவுச்சர் எழுதப் போனேன். அவன் பத்தாவதோடு நிறுத்திவிட்டு லாரி கிளீனராகப் போனான். இன்றைக்கு அவனிடம் 11 டிரெய்லர்கள். எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகம் வந்த பிறகு எங்கள் பக்கத்தில் சில பேருக்கு மூச்சுத் திணறல் வந்தது, சில பேருக்குப் பணம் வந்தது. இவனுக்குப் பணம் வந்தது. பணம் வந்தாலும் மாறவில்லை. என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ராத்திரி 2 மணிக்கு ஒரு மஞ்சள் பையில் பணத்தைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றவன் அவன். எண்ணிக்கூடப் பார்க்காமல் கொடுத்தான்.

அவனுக்கு ரொம்ப நாளாக ஒரு ஆசை. ஒரு போர்ஷே கார் வாங்க வேண்டும். புதுசு இல்லை, செகண்ட் ஹேண்ட்தான். அதற்குக் காரணம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. வண்டலூரில் புறப்படும் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை எங்கே வந்து முடிகிறது தெரியுமோ? மீஞ்சூரில்தான். ஆறு வழிப் பாதை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் விதவிதமான கார்களும் பைக்குகளும் சீறிக்கொண்டு வரும். வந்து, எங்கள் ஊர் முனையில் டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போகும். அதைப் பார்த்துப் பார்த்து இவனுக்கும் ஆசை முளைத்துவிட்டது.

போன வருஷம் ஒரு நாள் வீட்டுக்கு வந்தான்.

"மச்சான், ரெண்டு வண்டி பாத்து வெச்சிருக்கேன். ஒரே மாடல், ஒரே வருஷம். ஒண்ணுல சக்கரத்துக்குள்ள மஞ்சள் கலர் தெரியுது. இன்னொண்ணுல சிவப்பு. மஞ்சளுக்கு 7 லட்சம் கூட கேக்குறான். செராமிக் பிரேக்காம். வாங்கலாமா? நீதான் பிரேக் எக்ஸ்பர்ட்டாச்சே."

7 லட்சம்! அதுவும் பிரேக்குக்கு! நான் இதுவரை வாங்கிய வண்டிகள் எல்லாவற்றையும் கூட்டினாலும் அவ்வளவு வராது. (மொத்தம் இரண்டு வண்டி. ஒன்று சைக்கிள்.)

"செராமிக்னா பீங்கான்தானேடா? ஊறுகாய் ஜாடி மாதிரி உடையாதா?" என்று என் மனைவி உள்ளேயிருந்து கேட்டாள். நியாயமான கேள்வி. எனக்கும் அதே சந்தேகம்தான். வெளியே சொல்லவில்லை.

"ரெண்டு நாள் டைம் குடுடா" என்றேன்.

மறுநாள் கம்பெனியில் டெஸ்ட்டிங் செக்‌ஷன் பெரியவரைப் பிடித்தேன். ரிட்டயர் ஆகியும் விடாமல் கன்சல்டன்ட் என்று வருகிறவர். காபி வாங்கிக் கொடுத்தால் கொட்டோ கொட்டென்று கொட்டுவார். இரண்டு காபி செலவானது. அவர் சொன்னதையும், அதற்குப் பிறகு நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இந்த செராமிக், ஊறுகாய் ஜாடிக்குத் தூரத்துச் சொந்தம்தான். நறுக்கிய கார்பன் இழைகளைப் பிசினோடு கலந்து தட்டு மாதிரி அச்சில் வார்க்கிறார்கள். காற்றுப் படாமல் சுட்டுக் கரியாக்குகிறார்கள். அந்தக் கரித்தட்டில் உருகிய சிலிக்கானை உறிஞ்ச விடுகிறார்கள். சிலிக்கான் உருகவே 1,414 டிகிரி சூடு வேண்டும். உள்ளே போன சிலிக்கான் கார்பனோடு சேர்ந்து சிலிக்கான் கார்பைடு ஆகிவிடுகிறது. சாணைக்கல் செய்கிற அதே சரக்கு! அதற்கு இன்னொரு பெயர் கார்போரண்டம். திருவொற்றியூர் பக்கம் போகிறவர்கள் கார்போரண்டம் யுனிவர்சல் என்ற போர்டைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கார்போரண்டம்தான். ஆக, சாணைக்கல்லுக்குள் கார்பன் நார் வைத்த தட்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

2001-ல் வந்த போர்ஷே 911 ஜி.டி.2 காரில் இது சாதாரணமாகவே பொருத்தி வந்தது. அதிலிருந்து அந்தக் கம்பெனி செராமிக் டிஸ்க் இருந்தால் காலிப்பருக்கு மஞ்சள் பெயின்ட் அடிக்கிறது. சிவப்பு என்றால் உள்ளே இருப்பது வார்ப்பிரும்பு. காலிப்பர் என்பது டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற கிடுக்கி. அதாவது, 7 லட்சமும் அந்த மஞ்சளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அமெரிக்காவில் புதுக் காரிலேயே இதற்குத் தனியாகப் பல ஆயிரம் டாலர் வாங்குகிறார்கள்.

"அப்படி என்ன சார் இருக்கு அதுல?" என்றேன்.

"சூடு தம்பி, சூடு! பிரேக்குன்னா என்ன? வேகத்தைச் சூடா மாத்துற அடுப்பு. அவ்வளவுதான்" என்றார்.

நான் கணக்குப்பிள்ளை இல்லையா? அடுப்பு என்றதும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,500 கிலோ எடையுள்ள கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்து நின்றால், அந்தச் சூட்டில் இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். சரி, 200 கிலோமீட்டர் வேகத்தில் வந்து நின்றால்? நான்கு லிட்டர் என்று நினைப்பீர்கள். எட்டு லிட்டர்! வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. ஒரு கல்யாண வீட்டுக் காபிக்குப் போதும்.

ரேஸில் இதை நிமிஷத்துக்கு நாலைந்து தடவை செய்கிறார்கள். ஒவ்வொரு வளைவிலும் கடைசி வினாடியில் பிரேக். இரும்பு டிஸ்க் செக்கச் செவேலென்று பழுத்துவிடும். சூடு ஏறினால் பேட் பிடியை விட்டுவிடும். பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விடும். மிதித்தால் பெடல் சேற்றில் கால் வைத்த மாதிரி உள்ளே போகும். செராமிக் தட்டு அந்தச் சூட்டிலும் வளையாது, பிடிப்பும் குறையாது. எடையும் இரும்பில் ஏறக்குறையப் பாதி. சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கிற பாரம் குறைந்தால் கார் ரோட்டை நன்றாகப் பிடித்து ஓடும். கறுப்புத் தூசி குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாகத் துருப் பிடிக்காது.

இந்தக் கடைசிப் பாயிண்ட் எங்கள் ஊருக்கு முக்கியம். மீஞ்சூரில் வீசுவது பழவேற்காட்டு உப்புக் காற்று. இங்கே ஜன்னல் கம்பி துருப் பிடிக்கும், கேட் துருப் பிடிக்கும், மழைக்காலத்தில் இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் கார் டிஸ்க் மேல் ஆரஞ்சு கலரில் ஒரு படலம் வந்துவிடும். ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. நாலு தடவை பிரேக் மிதித்தால் அந்த மேல் துரு போய்விடும். அதற்கு 7 லட்சம் தேவையில்லை.

"அப்போ செராமிக் போட்டா வண்டி சட்டுனு நிக்குமா சார்?"

பெரியவர் சிரித்தார். "அங்கதான் எல்லாரும் ஏமாறுறாங்க. வண்டியை நிறுத்துறது பிரேக் இல்ல தம்பி, டயரு!"

இது எனக்கே புதுசு. யோசித்துப் பாருங்கள். பிரேக் சக்கரத்தைத்தான் பிடிக்க முடியும். ரோட்டைப் பிடிப்பது டயர். ஒழுங்கான எந்தக் காரிலும் சாதாரண இரும்பு பிரேக்கே ஓங்கி மிதித்தால் சக்கரத்தைப் பூட்டிவிடும் அளவுக்குப் பலமுள்ளது. அப்படிப் பூட்டாமல் இருக்கத்தானே ஏ.பி.எஸ். வைத்திருக்கிறார்கள்? ஏ.பி.எஸ். வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்றால் டயரின் சக்தி அவ்வளவுதான் என்று அர்த்தம். அதற்கு மேல் பிரேக் இரும்பாக இருந்தால் என்ன, பீங்கானாக இருந்தால் என்ன, தங்கமாகவே இருந்தால்தான் என்ன? ஒரே ஒரு தடவை அவசரமாக நிறுத்துவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. பத்தாவது தடவை, இருபதாவது தடவை நிறுத்தும்போதுதான் செராமிக்கின் அருமை தெரியும்.

வெளிவட்டச் சாலையில் இருபது தடவையா பிரேக் அடிக்கப் போகிறோம்? ஒரு எருமை குறுக்கே வந்தால் ஒரு தடவை. அதோடு சரி. அந்த ஒரு தடவையும் எருமையைப் பார்த்து, மூளைக்கு உறைத்து, கால் பெடலுக்குப் போவதற்குள் ஒரு வினாடி ஓடிவிடும். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்குக் கார் 28 மீட்டர் போகும். அந்த 28 மீட்டருக்கு எந்தக் கம்பெனியும் பிரேக் விற்பதில்லை.

இன்னொரு வேடிக்கை. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் அஜித் குமாரின் டீம் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்ததைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் தெருவில் பட்டாசே வெடித்தார்கள். அவர்கள் ஓட்டியது போர்ஷே 911 ஜி.டி.3 கப். ரேஸுக்கென்றே செய்த கார். அதில் என்ன டிஸ்க் வருகிறது தெரியுமா? செராமிக் இல்லை. இரும்பு வகைதான்! 380 மில்லிமீட்டர் விட்டம், உள்ளே காற்றோட்டம் வைத்தது. காரணம் லேசானது. ரேஸில் சூடு ஏறினால் எந்த டிஸ்க்கும் தேயும். செராமிக்கில் உள்ள கார்பன் அதிகச் சூட்டில் காற்றுப் பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக எரிந்துபோகும். அதனால்தான் அது தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க அதை எடை போடுகிறார்கள். இரும்பு என்றால் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டிக்கொள்ளலாம். செலவு தாங்கும்.

"அப்போ ஃபார்முலா ஒன்?" என்று கேட்பீர்கள். அது வேறு ஜாதி. நம் கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டான் டீமுக்கு ஓட்டினாரே, அந்த மாதிரிக் கார்களில் இருப்பது முழுக் கார்பன். கான்கார்ட் விமானத்தில் இருந்த வகை. நன்றாகச் சூடானால்தான் ஒழுங்காகப் பிடிக்கும். அதை மாட்டிக்கொண்டு மீஞ்சூர் ரயில்வே கேட்டில் நிற்கப் பார்த்தால் பொன்னேரியில் போய்தான் நிற்போம்.

என் அப்பா ஒரு ரேஸ் பைத்தியம். எங்கள் ஊரிலிருந்து சோழவரம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். இரண்டாம் உலக யுத்தத்தில் போட்ட விமான ஓடுபாதையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ரேஸ் நடத்திய காலத்தில், சைக்கிளில் புளிசாதம் கட்டிக்கொண்டு போய் வேலி ஓரத்தில் நின்று பார்த்தவர். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் வந்துவிட்டது. "ஆக்ஸிலேட்டர் எல்லாரும் மிதிப்பான்டா. எவன் கடைசியா பிரேக்கை மிதிக்கிறானோ அவன்தான் ரேஸ்காரன்" என்பார். ரேஸில் அது சரி. ரோட்டில் முதலில் பிரேக் மிதிப்பவன்தான் வீடு திரும்புவான்.

செராமிக்குக்கு இன்னொரு பயமும் உண்டு. தேய்மானத்தில் இரும்பை விடப் பல மடங்கு உழைக்கும், வாஸ்தவம். ஆனால் ஓரத்தில் அடிபட்டால் சில்லு பேர்ந்துவிடும். சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது அலாய் வீல் டிஸ்க்கில் இடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஊர் பஞ்சர் கடையில் இதைச் சொல்லிப் பாருங்கள்! பையன் கடப்பாரையும் கையுமாக வந்து நிற்பான். ஒரு தட்டு போனால் ஒரு நல்ல பைக் வாங்குகிற பணம் போச்சு.

ஆக, முடிவு சுலபம். மாதம் ஒரு தடவை டிராக்குக்குப் போய் விரட்டு விரட்டென்று விரட்டுகிறவர், அல்லது மலைப்பாதையில் மணிக்கணக்காக இறங்குகிற பைத்தியம், அல்லது பணத்தை எங்கே வைப்பதென்று தெரியாதவர். இவர்களுக்கு மஞ்சள். மற்றவர்களுக்குச் சிவப்பு.

இதைச் சொல்வதற்காகச் சனிக்கிழமை சாயங்காலம் அவனுடைய டிரெய்லர் யார்டுக்குப் போனேன். அவன் இல்லை. ஒரு டிரைவர் மட்டும் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். பழவேற்காட்டுக்காரர். பரம்பரையாக மீன்பிடி. ஏரியில் வரும்படி குறைந்துபோய் ஸ்டியரிங் பிடிக்க வந்தவர். என்னைப் பார்த்ததும் வெளியே வந்தார்.

"வாங்க சார். ஓனர் வர்ற நேரம்தான்."

பேச்சு வாக்கில், "படகு ஓட்டுறதும் டிரெய்லர் ஓட்டுறதும் ஒண்ணா?" என்று கேட்டேன்.

"படகுக்கு ஏது சார் பிரேக்? முகத்துவாரத்துல திரும்பணும்னா அலையைப் பாத்து, காத்தைப் பாத்து, முன்னாலயே இஞ்சினைக் குறைக்கணும். அங்க கண்ணுதான் பிரேக். அதே பழக்கத்துலதான் சார் இதையும் ஓட்டுறேன். இல்லேன்னா இந்த வண்டியை ஓட்ட முடியுமா?"

"ஏன், இதுக்கென்ன?"

அவர் பதில் சொல்லாமல் என் கையில் டார்ச்சைக் கொடுத்தார். குனிந்து பார்த்தேன். நான் எக்ஸ்பர்ட் இல்லை. ஆனால் லைனிங் விற்ற பில்லை இருபது வருடமாக எழுதுகிறவன். புது லைனிங் எவ்வளவு கனம் இருக்கும் என்று தெரியும். அங்கே லைனிங்கே இல்லை. ரிவிட் தலை பளபளவென்று தெரிந்தது. டிரம்மில் வட்டமாகக் கோடு விழுந்திருந்தது.

"ஸ்லாக் அட்ஜஸ்டரை முறுக்கி முறுக்கி மூணு மாசமா ஓட்டுறேன் சார். இது மட்டும் இல்ல. 11 வண்டியில 7 வண்டி இப்படித்தான். சொன்னா, அடுத்த மாசம் பாக்கலாம்கிறாரு."

வீட்டுக்கு வந்து மறுபடி கணக்குப் போட்டேன். கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர், மொத்த எடை 40 டன், வேகம் வெறும் 60. அது நிற்கும்போது கிளம்புகிற சூட்டில் 19 லிட்டர் தண்ணீர் கொதிக்கும். 200-ல் பறக்கிற போர்ஷேயை விட இரண்டு மடங்குக்கு மேல்! இந்தச் சூட்டைத் தாங்க வேண்டியது அந்த ரிவிட் தலைகள். வண்டி ஓடுகிற ரோடு எது? திருவொற்றியூர் - பொன்னேரி - பஞ்செட்டி ரோடு. ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் சைக்கிளில் போகிற ரோடு. மீன்கூடையோடு மொபெட்கள் போகிற ரோடு. என் பெண் டியூஷனுக்குப் போகிற ரோடு.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. சொல்லாமல் இருக்க முடியாது. எப்படிச் சொல்வது? மஞ்சள் பையோடு ராத்திரி 2 மணிக்கு வந்து நின்றவனிடம், 'நீ செய்வது அநியாயம்' என்று எப்படிச் சொல்வது? என் மனைவியிடம் சொன்னேன். "அவர் நல்லவர்தானே? நல்லவங்ககிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்லப் போறீங்க?" என்றாள். அதற்கு மேல் நான் என்ன பேச?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏகாம்பரேஸ்வரர் கோயில் பக்கம் இருக்கும் டீக்கடைக்கு வரச் சொன்னேன். (எங்கள் ஊருக்கு வடகாஞ்சி என்றே ஒரு பெயர் உண்டு. காஞ்சிபுரம் மாதிரியே இங்கேயும் ஒரு ஏகாம்பரேஸ்வரர், ஒரு வரதராஜப் பெருமாள்.) டயர் கதை, எருமை கதை, அஜித் கதை எல்லாம் சொன்னேன். ரசித்துக் கேட்டான்.

"அப்போ சிவப்பே போதும்கிற? 7 லட்சம் மிச்சம்!"

"மிச்சம் இல்லைடா. அந்த 7 லட்சத்துக்கு வேற செலவு இருக்கு."

ஒரு தாளை எடுத்து மேஜை மேல் வைத்தேன். கம்பெனி விலைப்படி போட்டது. 11 வண்டி, ஒவ்வொரு அச்சுக்கும் லைனிங், கோடு விழுந்த டிரம்முக்குப் புது டிரம், ஸ்லாக் அட்ஜஸ்டர், கூலி. எல்லாம் சேர்த்து 7 லட்சத்துக்குள் அடங்கிவிட்டது. கொஞ்சம் மிச்சமும் இருந்தது.

அவன் முகம் மாறிவிட்டது.

"யார் சொன்னா? அந்தப் பழவேற்காட்டான்தானே?"

"யாரும் சொல்லலை. நான் குனிஞ்சு பாத்தேன்."

"மச்சான், உனக்கு இந்தத் தொழில் தெரியாது. துறைமுகத்துல வண்டி நின்னா ஒரு நாள் வாடகை போச்சு. 7 வண்டியை ஷெட்ல ஏத்தினா யார் எனக்குச் சோறு போடுவா? எல்லா ஓனரும் இப்படித்தான் ஓட்டுறான்."

"ஞாயித்துக்கிழமை காலைல ஒரு மணி நேரம் ஓட்டப்போற காருக்கு, நீ ஒருத்தன் மட்டும் உக்காரப்போற காருக்கு, நல்ல பிரேக் வேணும்னு என்கிட்ட வந்தே. சந்தோஷம். உன் உயிர் மேல உனக்கு அக்கறை இருக்கு. நாள் முழுக்க ஓடுற 40 டன்னுக்கு முன்னால என் பொண்ணு சைக்கிள்ல போறாடா. அவளுக்கு எந்தக் கலர் பிரேக்?"

டீ ஆறிப்போய்விட்டது. ஒன்றும் பேசாமல் எழுந்து போனான். தாளை எடுத்துக்கொள்ளவில்லை. சரி, முப்பது வருஷ சிநேகிதம் ஒரு டீயோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் போன் இல்லை. பதினொன்றாவது நாள் வந்தது.

"மச்சான், அந்த லைனிங்கை எம்ப்ளாயி ரேட்டுக்கு வாங்கித் தர முடியுமா?"

உடனே திருந்திவிட்டான், எல்லாம் சுபம் என்று எழுத ஆசைதான். ஆனால் உண்மை அப்படி இல்லையே. முதல் மாசம் 4 வண்டி ஷெட்டுக்குப் போயிற்று. பழவேற்காட்டு டிரைவர் வண்டிதான் முதல். அவரை வேலையை விட்டுத் தூக்கிவிடுவானோ என்று எனக்கு உள்ளூர உதறல் இருந்தது. தூக்கவில்லை. வண்டிகளின் பிரேக்கைப் பார்த்துச் சொல்கிற பொறுப்பை அவரிடமே கொடுத்துவிட்டான். கூடவே மாசம் ஒரு தொகையும் கொடுக்கிறான். மீதி 3 வண்டியில் ஒன்று தீபாவளிக்கு முன்னால் முடிந்தது. இன்னும் 2 பாக்கி. சனிக்கிழமை தோறும் நான் வட்டிக்காரன் மாதிரி போய் நிற்கிறேன். என்னைக் கண்டாலே "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்கிறான். கேட்பதை நான் விடுவதாக இல்லை.

போர்ஷே கனவு இல்லாத, பைக்கில் ஆபீஸ் போகிற என் போன்ற ஆசாமிகளுக்கும் இதில் கொஞ்சம் சங்கதி இருக்கிறது. கடையில் 'செராமிக் பேட்' என்று ஒன்றைக் காட்டுவார்கள். அது வேறு, இந்த 7 லட்ச சமாசாரம் வேறு. அது சாதாரண இரும்பு டிஸ்க்கில் போடுகிற பேட்தான். தூசியும் சத்தமும் குறைவு, அவ்வளவே. பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம்.

மயங்க வேண்டியது பிரேக் ஆயிலைப் பார்த்து. அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற வகை புதுசில் 230 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாது என்று தர விதி. ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரி தாங்கினாலே பெரிசு. எங்களைப் போலக் கடலோரத்தில் இருப்பவர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கட்டாயம் மாற்ற வேண்டும். நாலு பேர் ஹோட்டலில் டிபன் சாப்பிடுகிற காசு. அடுத்து டயர். வழுக்கையாகும் வரை ஓட்டாதீர்கள். ரோட்டைப் பிடிப்பது அதுதான் என்று மேலேயே சொன்னேன். 2019 ஏப்ரலில் இருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட புது பைக்குக்கெல்லாம் ஏ.பி.எஸ். கட்டாயம். அதற்குக் கீழே என்றால் ஏ.பி.எஸ். அல்லது ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டும் சேர்ந்து பிடிக்கிற வசதி, இரண்டில் ஒன்று கட்டாயம் என்று அப்போது விதி வந்தது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதையும் கேட்டு வாங்குங்கள். மைலேஜ் மட்டும் கேட்டால் போதாது.

சிநேகிதன் என்ன கார் வாங்கினான் என்று சொல்லவில்லையே? சிவப்புதான். புதுப் பிரேக் ஆயில், நான்கு புது டயர். ஞாயிறு காலையில் வெளிவட்டச் சாலை முனையில் நிறுத்திவிட்டு டீ குடிக்கிறான். போன வாரம் நான் பக்கத்தில் நிற்கும்போதே ஒரு கல்லூரிப் பையன் வந்து காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அங்கிள், மஞ்சள் காலிப்பர் வாங்கலையா? அதுதானே பெஸ்ட்டு?" என்று கேட்டான்.

இவன் கிளாஸை வைத்துவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ரொம்ப நிதானமாகச் சொன்னான்: "தம்பி, வண்டியை நிறுத்துறது பிரேக் இல்ல, டயரு! அஜித் சார் ரேஸ் காரே இரும்புதான். நான் டிரெய்லர் ஓனர்ப்பா, பிரேக் விஷயத்துல என்னை ஏமாத்த முடியாது."

என் பக்கம் திரும்பக்கூட இல்லை, படுபாவி!